ஆடிக் காற்றில் வீட்டுக்குள் வரும் புழுதி: எங்கே பிடித்து நிறுத்துவது?

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஆனி பாதியிலிருந்து ஆவணி வரை வீடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. காலையில் துடைத்த டிவி மேல் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். என்ன செய்யலாம் என்று யாரிடம் கேட்டாலும் ஜன்னலைச் சாத்து, மாஸ்க் போடு என்பார்கள். இரண்டுமே கடைசியில் செய்கிற காரியம். புழுதியை அது கிளம்புகிற தரையிலேயே நிறுத்தப் பார்க்கவேண்டும், அந்தத் தரை பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அரேபியப் பாலைவனத் தூசி கடல் தாண்டி இந்தியா வரை வருகிறது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். வருவது உண்மைதான். ஆனால் அவ்வளவு தூரம் வருவது உயரத்தில் மிதக்கும் மிக நுண்ணிய தூசி, வானத்தை மங்கலாக்கும். உங்கள் வீட்டுக் குடத்து மூடியில் நறநறவென்று கிடப்பது அது இல்லை. அது தெருமுனை கிராவல் ரோடு, மேற்கே உழுது போட்ட காடு, வற்றிய கண்மாய், இல்லையென்றால் நம் வாசலே.

முதலில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஒன்றரை அடி பிவிசி பைப் துண்டு ஒன்று, அகலமான செலோ டேப் ஒன்று. டேப்பின் பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி பைப்பைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள், வடக்குப் பக்கம் மார்க்கரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டி இல்லாமல், நாலு பக்கமும் காற்று படுகிற இடத்தில், நெஞ்சு உயரத்தில் நிற்கிற மாதிரிக் கட்டி ஒருநாள் முழுக்க விடுங்கள். மறுநாள் டேப்பைக் கத்தரித்து எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டினால் எந்தப் பக்கம் திட்டாக இருக்கிறது, எந்தப் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். மேற்குப் பக்கம் அடர்த்தியாக இருந்தால் ஆச்சரியமில்லை, தென்மேற்குப் பருவக்காற்று ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக அப்படித்தான் இறங்கி வரும். கிழக்கிலும் அடர்த்தியாக இருக்கிறதா? அப்படியானால் அது காற்று கொண்டுவந்தது இல்லை, உங்கள் தெருவில் போகிற வண்டி கிளப்பியது.

அப்புறம் நிறத்தைப் பாருங்கள். செம்மை என்றால் செவக்காடு அல்லது கிராவல் ரோடு. கருஞ்சாம்பல் என்றால் கரிசல் அல்லது கண்மாய் வண்டல். வெளிறிய சாம்பலாக, வெயிலில் திருப்பினால் பொடிப்பொடியாக மினுங்கினால் கிரஷர், குவாரி, எம்-சாண்ட் லாரி என்று சந்தேகப்படலாம். தேய்த்தால் மை மாதிரி விரலில் இழுபட்டால் அது மண்ணே இல்லை, புகைக்கரி. குப்பை எரிக்கிற இடமோ செங்கல் சூளையோ பக்கத்தில் இருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஜன்னல் விளிம்பில் சேர்ந்ததை வழித்து ஒரு ஸ்பூன் எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காருவது மணல். சில மணி நேரத்தில் உட்காருவது வண்டல். மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் களிமண் அதிகம் என்று அர்த்தம். தண்ணீரில் தாமதமாக உட்காருகிற துகள்தான் காற்றிலும் அதிக நேரம் நிற்கும், நெஞ்சுக்குள் போவதும் அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால், காற்றசையாத அறையில் 10 மைக்ரான் மண் துகள் பத்தடி கூரையிலிருந்து தரைக்கு வர ஆறேழு நிமிடம் ஆகும். 2.5 மைக்ரான் துகளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

போனில் இருக்கும் காற்றுத்தர ஆப்பை நம்பி இதில் இறங்காதீர்கள். அதில் வரும் எண் ஏதோ ஒரு நகரத்து நிலையத்தினுடையதாக இருக்கும், அல்லது செயற்கைக்கோள் படத்தை வைத்துப் போட்ட கணக்காக இருக்கும். உங்கள் ஊர்க் கண்மாய் அதற்குத் தெரியாது. ஆன்லைனில் விற்கும் மலிவு விலை லேசர் சென்சார் வாங்கி வைத்தாலும் அது புகையை நன்றாகப் பிடிக்கும், பருத்த மண் தூசியைப் பாதிக்கு மேல் கோட்டை விடும். பல்லில் மண் நறநறக்கும்போது திரையில் பச்சை காட்டுவது இதனால்தான்.

புழுதி எப்படிக் கிளம்புகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ரொம்ப நுண்ணிய தூசியைக் காற்று நேரடியாகத் தூக்குவது கஷ்டம், அது தரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதலில் நகர்வது பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணல் பொடி. காய்ந்து உதிரியாகக் கிடக்கும் தரையில் காற்று மணிக்கு 20, 25 கிலோமீட்டரைத் தொட்டால் (வேப்பமரத்தில் சின்னக் கிளைகள் ஆடி, ரோட்டில் காகிதம் பறக்கிற வேகம்) இந்த மணல் துள்ளித் துள்ளி ஓட ஆரம்பிக்கும். அது விழும் இடத்தில், கேரம் ஸ்ட்ரைக்கர் காயைச் சிதறடிப்பதுபோல், ஒட்டிக் கிடந்த நுண்தூசியை அடித்துக் கிளப்பிவிடும். கிளம்பிய தூசி மேலே போய்விடும், பிடிக்க முடியாது. ஆனால் துள்ளுகிற மணல் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குக் கீழேதான் ஓடும். அதை மறித்துவிட்டால் தூசியும் குறையும். ஆளுயரச் சுவர் எழுப்பியும் போகாத புழுதி, ஒரு அடி உயரச் சோளத்தட்டையை வெட்டாமல் விட்டதில் அடங்கிப் போவது இதனால்தான்.

இரண்டாவது விஷயம் தரையின் மேல் தோல். மழை பெய்து காய்ந்ததும் மண்ணின் மேல் ஒரு மெல்லிய ஓடு கட்டும். ஓடு உடையாத வரை எவ்வளவு காற்றடித்தாலும் பெரிதாகப் புழுதி வராது. டயர், குளம்பு, கலப்பை, மண்வெட்டி, இதில் ஏதாவது ஒன்று அதை உடைக்கவேண்டும். செவக்காட்டில் இந்த ஓடு கெட்டியாக இருக்கும், ஆனால் ஒருமுறை உடைந்தால் அடுத்த மழை வரை மறுபடி கட்டாது. கரிசல் வேறு மாதிரி, காய்ந்து வெடித்து மேல்மண் தானாகவே குருணை குருணையாக உதிரும், அதனால் கரிசலில் மேலே ஏதாவது மூடாக்கு இருந்தே ஆகவேண்டும்.

வாசல், ரோடு, கண்மாய்

வாசலில் புல் பூண்டு இல்லாமல் மண்வெட்டியால் செதுக்கி வைப்பதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். புழுதிக்கு நாமே விதை போடுகிற வேலை அது. அருகம்புல் இருந்தால் விட்டுவிடுங்கள், பாம்புக்குப் பயந்தால் கட்டையாக வெட்டி வையுங்கள், வேரோடு செதுக்காதீர்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் மட்டும் ஜல்லி கொட்டுங்கள். வாசலைப் பெருக்குமுன் தண்ணீர் தெளிப்பதும் சாணி தெளிப்பதும் வெறும் பழக்கம் என்று விட்டவர்கள் திரும்பத் தொடங்கலாம், சாணிக் கரைசல் காய்ந்ததும் மேலே கட்டுகிற படலம், மழை கட்டிவிடும் ஓடு செய்கிற வேலையையே செய்கிறது.

கிராவல் ரோட்டுக்குத் தண்ணீர் லாரி கேட்டு நடப்பது எனக்கு அவ்வளவு பிடித்தமில்லை. ஆடி வெயிலுக்கும் காற்றுக்கும் தெளித்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும், போட்டோ எடுக்கத்தான் உதவும். வேகத்தைக் குறைப்பது அதைவிட நல்ல பலன் தரும். வண்டி வேகம் கூடக்கூடப் புழுதியும் கூடும், 40-ல் போகிற டிப்பரை 20-க்கு இறக்கினால் புழுதி பாதிக்கு மேல் குறையும். வீடுகள் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ரோட்டின் குறுக்கே ஒரு மேடு போதும். மழைக் காலத்துக்குப் பிறகு ரோட்டு ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கும் பவுடர் மண்ணை வழித்து அள்ளிவிட்டால் இன்னும் நல்லது, அதுதான் மறுபடி சக்கரத்துக்கடியில் வந்து பறக்கிறது.

கண்மாய்க்கு வருவோம். நம் பக்கத்தில் பலரும் கவனிக்காத பெரிய புழுதிக் கிடங்கு இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பி, பங்குனி சித்திரையில் வற்றும். வற்றியதும் உள்ளே போய்ப் பாருங்கள், வண்டல் காய்ந்து தட்டுத் தட்டாக வெடித்து, ஓரங்கள் அப்பளம் மாதிரிச் சுருண்டு நிற்கும். அந்தத் தட்டுகளைக் காற்று ஒன்றும் செய்யாது. பக்கத்திலேயே பைக்குகள் குறுக்கு வழியாகப் போன தடம் இருக்கும், அதில் காலை வைத்தால் கணுக்கால் வரை மாவு மாதிரிப் புதையும். வண்டல் ஒன்றுதான், டயர் ஏறிய இடம் மட்டும் மாவாகிவிட்டது. ஆக, ஊரில் பேசி ஒரே ஒரு தடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றக் குறுக்கு வழிகளில் முள் வெட்டிப் போடுங்கள். ஆட்டையும் அந்த ஒரு தடத்தில் ஓட்டச் சொல்லுங்கள், கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

வண்டல் அள்ளுவதாக இருந்தால் அனுமதியை முன்கூட்டியே வாங்கி, மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அள்ளி முடியுங்கள். ஆடிக் காற்றில் அள்ளினால் பாதி வண்டல் உங்கள் காட்டுக்குப் போகும், மீதி ஊருக்குள் வரும். டிராக்டர் பெட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள். சீமைக் கருவேலத்தைத் தூரோடு பிடுங்குகிறவர்களும் ஒரே மூச்சில் முழு இடத்தையும் பொட்டலாக்காமல், மேற்கு ஓரத்தில் ஒரு வரிசையை விட்டுவிட்டு, வேறு மரம் வளர்ந்த பிறகு அதை எடுக்கலாம். கருவேலத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், ஒரு வருசம் தள்ளி எடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மானாவாரிக் காடு

கோடை உழவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சித்திரை மழை ஈரத்தில், கட்டி கட்டியாகப் புரளும்படி கொத்துக் கலப்பையில் உழுதால் தண்ணீரும் இறங்கும், புழுதியும் வராது, அந்தக் கட்டிகளே காற்றுக்குத் தடுப்பு. காய்ந்த மண்ணில் ரோட்டவேட்டர் விடுவதுதான் தப்பு. பார்க்க மெத்தை மாதிரி அழகாக இருக்கும், முதல் பலத்த காற்றிலேயே மேல்மண் கிளம்பிவிடும். போவது வெறும் மண் என்று நினைக்காதீர்கள், உரத்தையும் மக்கையும் பிடித்து வைத்திருக்கும் நுண்மண்தான் முதலில் பறக்கிறது, மிஞ்சுவது பருமணல். உழவுச் சால் தெற்கு வடக்காக, அதாவது மேல்காற்றுக்குக் குறுக்கே இருக்கட்டும். நிலச் சரிவு அதற்கு இடம் கொடுக்காவிட்டால் சரிவுக்கே முதலிடம் கொடுங்கள், மழைக்கு அரிப்பது இன்னும் மோசம்.

சோளம், கம்பு, மக்காச்சோளம் அறுத்தால் ஒரு அடித் தாளை நிற்கவிடுங்கள். தட்டை மாட்டுக்கு வேண்டும் என்பது தெரியும், மேல்பகுதியை எடுத்துக்கொண்டு அடியை விடுங்கள். அதுவும் முடியாதென்றால் காட்டின் மேற்கு ஓரத்தில் பத்துப் பதினைந்து அடிப் பட்டையில் மட்டுமாவது விடுங்கள். எரிக்காதீர்கள். கிடை போடுவதென்றால் மழைக்கு முன்னால் போட்டு முதல் ஈரத்திலேயே உழுதுவிடுங்கள், ஆடு மிதித்து மாவாக்கிய மண் ஆடி முழுக்கத் திறந்து கிடக்கக்கூடாது.

வீட்டுக்கும் காட்டுக்கும் மேற்கே மரவேலி வைப்பதாக இருந்தால் ஒரு விஷயம். காற்றை முழுக்க அடைக்காதீர்கள். கெட்டிச் சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று, கொண்டுவந்த மண்ணை அங்கேயே கொட்டும், வீட்டை ஒட்டி மேற்கே உயரமாக காம்பவுண்ட் எழுப்பியவர்கள் முற்றத்து மூலையைப் பார்த்தால் புரியும். பாதி அடைத்துப் பாதி விடுகிற வேலிதான் காற்றின் வேகத்தைக் குறைத்து அனுப்பும். அப்படி ஒரு வேலி தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை பாதுகாப்புத் தரும், இருபதடி வேம்பு வரிசை என்றால் இருநூறு அடி. வேம்பு, புங்கன், பனை என்று மேலே வைத்துக்கொண்டு, கீழே முழங்கால் உயர இடைவெளியை அடைக்க நொச்சி, ஆடாதோடை வையுங்கள், இரண்டையும் ஆடு மேயாது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். மரம் வளரும் வரை, நர்சரிக்காரர்கள் கட்டுகிற 50 சதவீதப் பச்சை நிழல்வலையை மேற்கே ஆறடி உயரம் கட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வீட்டுக்குள்

பகல் பத்து மணிக்கு மேல் காற்று ஏறும், பொழுது சாய்ந்ததும் தணியும். அதனால் மேற்கு, தெற்கு ஜன்னல்களை அந்த நேரத்துக்கு மட்டும் சாத்தி, கிழக்கைத் திறந்து வையுங்கள். விடியற்காலையில் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்துதான் பெரிய வாசல், பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்தாலே பாதி குறையும்.

காய்ந்த தரையில் வாரியலைப் போட்டுப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் குழந்தையை வெளியே அனுப்பிவிட்டுப் பெருக்கி, ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். மேலே சொன்ன கணக்கு அதற்குத்தான். வீசிங் இருக்கிற பிள்ளை, வயசானவர்கள் இருக்கிற வீட்டில் இந்த ஒன்றை மட்டும் செய்தாலே இருமல் குறைவதைப் பார்க்கலாம். டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரைக் காற்றடிக்கிற மாசத்தில் நிறுத்தாதீர்கள், பழகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்காதீர்கள்.

மாஸ்க் விஷயம் சுருக்கமாக. நனைத்த துண்டு மூக்குக்குக் குளிர்ச்சியாக இருக்கும், மணலைத் தடுக்கும், நுண்தூசியை விட்டுவிடும். களத்தில் தூற்றும்போது, தட்டை அரைக்கும்போது, டிப்பர் பின்னால் பைக்கில் போகும்போது என்95 போடுங்கள், அல்லது ஐஎஸ் 9473 என்று அச்சிட்ட எஃப்எஃப்பி2. ஓரம் முகத்தோடு ஒட்டி நிற்கவேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. துவைக்கக்கூடாது, மூச்சு இழுக்கச் சிரமமானால் மாற்றிவிடுங்கள்.

கண்ணில் விழுந்தால்

கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கழுவுங்கள். நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். மண்ணோ கதிர்த் தூசோ கருவிழியைக் கீறினால் அதில் பூஞ்சை ஏறலாம். நம் பக்கத்தில் வரும் கருவிழிப் புண்ணில் பூஞ்சைப் புண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு, விவசாய வேலை செய்கிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் முதலில் சிவப்பு குறைந்து சரியான மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை பரவும், பார்வையே போகலாம். ஒருநாள் கழித்தும் வலி, கூச்சம், வெள்ளைப் புள்ளி இருந்தால் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். மதுரையில் இருந்துகொண்டு கண்ணாஸ்பத்திரி தூரம் என்று சொல்ல முடியாது.

கிரஷர் பக்கம் இருப்பவர்களுக்கு

மேலூர், கீழவளவு போன்ற கல்குவாரி ஊர்களில் கதை வேறு. செவக்காட்டுப் புழுதி இருமலோடு போய்விடலாம். கிரானைட்டை உடைக்கும்போது வரும் தூசியில் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா, கணிசமாக இருக்கிறது. நுரையீரலுக்குள் போய்த் தங்கித் தழும்பாக்கிவிடும், சிலிக்கோசிஸ் என்று பெயர். தழும்பைத் திரும்பச் சரியாக்க மருந்து கிடையாது. துளை போடும் இடத்திலேயே தண்ணீர் விட்டுத் துளைப்பது, கல் அரைக்கிற இடத்தையும் கன்வேயரையும் மூடுவது, கொட்டும் இடத்தில் தண்ணீர் தெளிப்பது, இவைதான் தடுக்கிற வழி, மூன்றும் முதலாளி செய்யவேண்டியவை.

செய்யாவிட்டால் மனு கொடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபை சரியாக ஆடிக் கடைசியில் வருகிறது, எல்லார் தொண்டையிலும் புழுதி இருக்கிற நேரம், தீர்மானம் போட அதைவிட நல்ல நாள் கிடைக்காது. மனுவில் ஒரேயடியாகப் புழுதியாக இருக்கிறது என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசை, எந்த இடத்தில் தண்ணீர் தெளிக்கவில்லை, லாரியில் தார்ப்பாய் இருந்ததா என்று எழுதி, முதலில் சொன்ன பைப் சோதனையில் எடுத்த டேப்பைத் தேதியிட்டு, போட்டோவையும் சேருங்கள். 24 மணி நேரச் சராசரியில் 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி (உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 45). ஊருக்குள் வந்து அதை அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

அங்கே வேலை பார்க்கிறவர்கள் வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வரவேண்டாம், பட்டறையிலேயே மாற்றிவிட்டு வரட்டும். இருமல், மூச்சுத்திணறல், எடை குறைவு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன வேலை, எத்தனை வருசம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள், டாக்டர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸும் டிபியும் ஒன்றுபோலத் தெரிகிற நேரம் உண்டு, சிலிக்கா புகுந்த நுரையீரலில் டிபி வரும் வாய்ப்பும் அதிகம். சளிப் பரிசோதனையையும் கூடவே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த முறை பக்கத்தில் வைத்துப் பார்க்க அவை வேண்டும்.